தலைப்பிரட்டையின் வால் எங்கே போகிறது? தைராய்டு ஹார்மோனும் செல் பிரிதலும்

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு வயலோரக் குட்டைகளில் கறுப்பு மணிகளைக் கொட்டிவைத்த மாதிரி தலைப்பிரட்டைகள் நெளியும். சின்ன வயதில் அவற்றைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: முதலில் பின்னங்கால்கள் முளைக்கும், அப்புறம் முன்னங்கால்கள் வெளியே வரும், அதன் பிறகு வால் நாளுக்கு நாள் குட்டையாகி ஒருநாள் காணாமல் போயிருக்கும். பாட்டிலின் அடியில் தேடினாலும் வால் கிடைக்காது. அது அறுந்து விழுவதில்லை, உடம்புக்குள்ளேயே கரைந்துபோகிறது.

அந்தச் சில வாரங்களில் அந்தச் சின்ன உடம்புக்குள் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். கால் முளைக்கும் இடத்தில் செல்கள் வேகவேகமாகப் பிரிந்து பெருகுகின்றன. வாலில் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. பாசியைத் தின்பதற்காக நீளமாகச் சுருண்டிருந்த குடல் குறுகி, அதன் பழைய உட்சுவர் செல்கள் அழிந்து, பூச்சியைச் செரிக்கத் தெரிந்த புதிய செல்கள் பிறக்கின்றன. இத்தனைக்கும் உத்தரவு ஒன்றேதான்: தைராய்டு ஹார்மோன்.

நம் கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் உட்கார்ந்திருக்கும் தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதும் வேதியியல்படி இதே ஹார்மோன்தான். "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. அதன் ஹார்மோன் குறைவதும் கூடுவதும்தான் நோய். குறைந்தால் உடம்பு பெருக்கும், சோர்வாக இருக்கும், குளிர் தாங்காது. கூடினால் மெலியும், நெஞ்சு படபடக்கும். இந்த அளவு பலருக்குத் தெரியும். ஆனால் இந்த ஹார்மோன் செல்களின் வளர்ச்சியையும் பிரிதலையும் எப்படி நடத்துகிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் இதன் மிக அழகான பகுதியாகத் தோன்றுகிறது.

1912-ல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டார். தலைப்பிரட்டைகளுக்குப் பாலூட்டி விலங்குகளின் வெவ்வேறு உறுப்புகளைத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார். கல்லீரல் தின்றவை வழக்கம்போல் வளர்ந்தன. தைராய்டு சுரப்பியைத் தின்றவை மட்டும் அவசர அவசரமாகக் கால் முளைத்து, வால் கரைந்து, பூச்சி அளவே உள்ள குட்டித் தவளைகளாக மாறிவிட்டன. 1916-ல் அமெரிக்காவின் பென்னெட் ஆலன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். தலைப்பிரட்டைகளின் தைராய்டை, அது உருவாகத் தொடங்கும்போதே வெட்டி எடுத்துவிட்டார். அவை தவளையாகவே மாறவில்லை. ஆனால் வளர்வதை நிறுத்தவும் இல்லை. தலைப்பிரட்டையாகவே வளர்ந்து வளர்ந்து பூதாகரமாகின.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். தைராய்டு ஹார்மோனை வெறும் 'வளர்ச்சி ஹார்மோன்' என்று நினைத்தால் கணக்கு இடிக்கிறது. அது அதிகமாகக் கிடைத்த தலைப்பிரட்டை குட்டியாக நின்றுவிட்டது, அது கிடைக்காத தலைப்பிரட்டை பெரிதானது. ஹார்மோன் கொண்டுவந்த செய்தி "பெரிதாகு" என்பதாக இருக்க முடியாது. "நேரம் வந்துவிட்டது, அடுத்த கட்டத்துக்குப் போ" என்பதுதான் செய்தி. எந்தக் கட்டம் என்பது அந்தந்தச் செல்லைப் பொறுத்தது. கால் செல்லுக்கு அடுத்த கட்டம் பிரிவது. வால் செல்லுக்கு அடுத்த கட்டம் சாவு. பிரிந்துகொண்டே இருந்த வேறு சில செல்களுக்கு, பிரிவதை நிறுத்திவிட்டுத் தன் வேலையைக் கற்றுக்கொள்வது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் எல்லாமே எளிது.

சரி, செய்தி செல்லுக்குள் எப்படிப் போகிறது?

சுரப்பி பெரும்பாலும் வெளியிடுவது தைராக்ஸின் என்ற டி4. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது என்பதால் அந்தப் பெயர். கெண்டல் என்பவர் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று இதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார். ஆனால் டி4 பாதி சமைத்த பண்டம் மாதிரி. ஓர் அயோடின் அணுவைக் கழற்றி டி3 ஆக்கினால்தான் அதற்கு முழு வீரியம் வரும். டி3-ஐ 1952-ல்தான் லண்டனில் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் கண்டுபிடித்தார்கள். அந்த அயோடினைக் கழற்றுவது செலினியம் அடங்கிய ஒரு நொதி. உடம்பில் இருக்கும் டி3-யில் பெரும்பகுதி சுரப்பிக்கு வெளியே இப்படித்தான் தயாராகிறது.

இதே குடும்பத்தில் இன்னொரு நொதி உண்டு. அது வேறு இடத்து அயோடினைக் கழற்றி, ஹார்மோனை ஒன்றுக்கும் உதவாததாக ஆக்கிவிடும். ஆகவே ரத்தத்தில் எவ்வளவு ஹார்மோன் ஓடினாலும், தனக்குள் எவ்வளவு வேண்டும் என்பதை ஒவ்வொரு திசுவும் ஓரளவு தானே முடிவு செய்துகொள்கிறது. தலைப்பிரட்டையின் கால் மொட்டில், ஹார்மோனுக்கு வீரியம் ஏற்றும் நொதி முன்கூட்டியே இருக்கிறது. வாலிலோ முதலில் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதிதான் காவல் நிற்கிறது. வீரியம் ஏற்றும் நொதி கடைசிக் கட்டத்தில்தான் அங்கே கூடுகிறது. அதனால்தான் கால் முந்துகிறது, வால் பிந்துகிறது. மாறி நடந்திருந்தால், காலும் இல்லாமல் வாலும் இல்லாமல் நீந்த வழியின்றி அது செத்திருக்கும்.

செல்லுக்குள் நுழைந்த டி3 உட்கருவுக்குப் போகிறது. அங்கே டி.என்.ஏ.மேல் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் தைராய்டு ஏற்பி என்ற புரதம். ஹார்மோன் வந்த பிறகுதான் ஏற்பி வேலையைத் தொடங்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஹார்மோன் வருவதற்கு முன்பே அது வேலை பார்க்கிறது.

கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் நிலையில் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை கொடுத்திருப்பார்கள். முட்டுக்கட்டைக்காரர் அங்கேயே நிற்பார். சைகை கிடைத்ததும் கட்டையை உருவுவார், வடம் பிடித்தவர்கள் இழுப்பார்கள், தேர் நகரும். தைராய்டு ஏற்பி அந்த முட்டுக்கட்டைக்காரர். ஹார்மோன் இல்லாதபோது, அடக்கும் புரதங்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, குறிப்பிட்ட மரபணுக்களை ஓடவிடாமல் நிறுத்திவைக்கிறது. டி3 வந்து ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது, அடக்கும் புரதங்கள் விலகுகின்றன, தூண்டும் புரதங்கள் வந்து சேர்கின்றன, மரபணு ஓடத் தொடங்குகிறது. டி3 வந்ததும் அடங்கிப்போகும் மரபணுக்களும் சில உண்டு.

ஆகவே ஹார்மோன் இல்லாத நிலை என்பது ஒன்றுமே நடக்காத வெற்று நிலை இல்லை. முட்டுக்கட்டை போட்டு நிறுத்திய நிலை. இதைக் காட்டிய ஓர் எலிச் சோதனை என்னை மிகவும் வியக்கவைத்தது. பிறவியிலேயே தைராய்டு உருவாகாத எலிக்குட்டிகள் பால்குடி மறக்கும் வயதையொட்டி இறந்துவிடும். அதே குட்டிகளில் ஆல்ஃபா வகைத் தைராய்டு ஏற்பியையும் இல்லாமல் ஆக்கிப் பார்த்தார்கள். ஹார்மோனும் இல்லை, அந்த ஏற்பியும் இல்லை. அவை பிழைத்துக்கொண்டன! ஹார்மோன் குறைபாட்டின் பெரும் பங்கு கெடுதலைச் செய்வது, சைகைக்காகக் காத்துக்கொண்டு கட்டையை எடுக்காமல் நிற்கும் அந்த ஏற்பிதான் என்று இதிலிருந்து தெரிந்தது.

இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த கதையே செல் பிரிதலைப் பற்றியதுதான். கோழிகளுக்கு ஒருவகை ரத்தப் புற்றுநோயைத் தரும் வைரஸ் ஒன்று இருக்கிறது. அந்த வைரஸ் சுமந்து திரியும் ஒரு மரபணு, கோழியின் மரபணு ஒன்றிலிருந்து என்றோ திருடப்பட்டு உருக்குலைந்தது. அந்த மூல மரபணு நல்ல நிலையில் என்ன செய்துகொண்டிருந்தது என்று தேடியபோது, 1986-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தன: அது தயாரிப்பது தைராய்டு ஏற்பி. வைரஸின் கையில் இருந்த உருக்குலைந்த ஏற்பி டி3-க்குச் செவிசாய்ப்பதில்லை. சைகை கிடைத்தாலும் கட்டையை விடாது. விளைவு, முதிர்ந்து சிவப்பணுவாக வேண்டிய செல்கள் முதிராமல் நின்று பெருகிக்கொண்டே போகின்றன. முதிர்ச்சிக்கான சைகை கேட்காமல் போவது புற்றுநோய்க்கு எப்படி வழிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சாவுக்கும் இதே வழிதான். தலைப்பிரட்டையின் வாலைத் துண்டித்துத் தனியாக ஒரு தட்டில் வைத்து டி3 சேர்த்தால், உடம்பே இல்லாத அந்த வால் தானாகச் சுருங்கும். மும்பையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய ஜாம்ஷெட் டாட்டா 1966-ல் இதோடு இன்னொன்றையும் செய்தார். மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. (புரதம் தயாரிக்க மரபணு எழுதிக்கொடுக்கும் பிரதி) உருவாவதைத் தடுக்கும் மருந்தைத் தட்டில் சேர்த்தார். வால் சுருங்கவில்லை. அதாவது வால் செல் பட்டினியால் வாடிச் சாகவில்லை. சாவதற்கென்றே புதிதாகச் சில மரபணுக்களை ஓட்டி, புதிய புரதங்களைத் தயாரித்து, தன் கையால் தன்னைக் கலைத்துக்கொள்கிறது.

இனி பிரிதலுக்கு வருவோம். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் ஒரு சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்துப் பிரிந்தே தீரும். தாண்டாவிட்டால் ஓய்ந்து நிற்கும், அல்லது ஒரு தொழிலில் முதிரும். சாவடியைத் திறந்துவிடும் புரதங்களில் ஒன்று சைக்ளின் டி1. மூடிப் பிடிக்கும் புரதங்களில் ஒன்று பி27. தைராய்டு ஹார்மோன் இடத்துக்கு ஏற்றபடி இரண்டு பக்கமும் கைவைக்கிறது. எலியின் கல்லீரலில் டி3 சைக்ளின் டி1-ஐக் கூட்டுகிறது. எந்தக் காயமும் இல்லாமலேயே கல்லீரல் செல்கள் பிரியத் தொடங்குகின்றன. ஆய்வகத்தில் வளர்த்த, பீட்டா வகை ஏற்பி கொண்ட நரம்புக்கட்டிச் செல்களிலோ அதே டி3 பி27-ஐக் கூட்டி, பிரிதலை நிறுத்தி, அவற்றை நரம்புச் செல் போல முதிரவைக்கிறது.

மூளையில்தான் இந்த 'நிறுத்து' என்ற சொல்லின் அருமை தெரியும். நரம்பு இழைகளுக்கு மின்கம்பியின் ரப்பர் உறை மாதிரி மையலின் என்ற உறையைச் சுற்றும் செல்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னோடிச் செல்கள் சில முறை பிரிந்துவிட்டு நிற்க வேண்டும், நின்ற பிறகுதான் உறை சுற்றும் வேலையைத் தொடங்கும். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், எலியின் பார்வை நரம்பிலிருந்து எடுத்த முன்னோடிச் செல்களைத் தட்டில் வளர்த்தார்கள். தைராய்டு ஹார்மோன் சேர்த்த தட்டில் அவை உரிய காலத்தில் பிரிதலை நிறுத்தி முதிர்ந்தன. ஹார்மோன் இல்லாத தட்டில் பெரும்பாலானவை பிரிந்துகொண்டே இருந்தன. எத்தனை முறை பிரிந்தோம் என்று செல்லுக்குள் ஏதோ ஒரு கணக்கு ஓடுகிறது. கணக்கு முடிந்தது என்று மணி அடிக்க வெளியிலிருந்து ஒரு கை வேண்டும்.

சிறுமூளையிலும் இப்படித்தான். பிறந்த குட்டியின் சிறுமூளையின் மேற்பரப்பில் பிரிந்துகொண்டே இருக்கும் செல்களின் அடுக்கு ஒன்று இருக்கும். அவை பிரிதலை முடித்துக்கொண்டு உள்நோக்கி நகர்ந்து, தங்களுக்கான இடத்தில் அமர்ந்து, இணைப்புகளை ஏற்படுத்த வேண்டும். எலியில் இது சுமார் மூன்று வாரத்தில் முடிந்து அந்த மேலடுக்கே மறைந்துவிடும். தைராய்டு ஹார்மோன் இல்லாத எலிக்குட்டியில் அடுக்கு மறையத் தாமதமாகிறது, செல்கள் நகர்வது பிந்துகிறது, பக்கத்தில் காத்திருக்கும் பெரிய நரம்புச் செல்களின் கிளைகளும் குட்டையாகவே நின்றுவிடுகின்றன. வளரும் மூளை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தாமதமாக வந்த செல்லுக்குக் கைகோக்க ஆள் இருக்காது.

எலும்பில் 'பிரி', 'நில்' என்ற இரண்டு சொற்களும் ஒரே வரிசையில் கேட்கின்றன. குழந்தைகளின் நீண்ட எலும்புகளின் முனையில் வளர்தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி உண்டு. அங்கே செல்கள் காசு அடுக்கியது போல வரிசை வரிசையாகப் பிரிந்து, பிறகு பருத்து, கடைசியில் எலும்புக்கு இடம் கொடுக்கும். ஹார்மோன் குறைந்தால் இந்த வரிசை கலைந்து குழந்தை குட்டையாக நிற்கும், எலும்பின் வயது நிஜ வயதுக்குப் பிந்தியிருக்கும். கூடினால்? குழந்தை முதலில் மளமளவென்று உயரும், ஆனால் எலும்பு முந்தி முதிர்ந்து வளர்தட்டு சீக்கிரமே மூடிக்கொள்ளலாம். தைராய்டு தின்று அவசரமாகத் தவளையான அந்தக் குட்டித் தலைப்பிரட்டைகளின் கதைதான் இதுவும்.

இதயத்தைப் பற்றி 2019-ல் வந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். வரிக்குதிரை மீனின் இதயத்தில் ஒரு பகுதியை வெட்டினால் அது மீண்டும் வளர்ந்துவிடும். நமக்கு மாரடைப்பில் போன தசை திரும்ப வருவதில்லை, அங்கே தழும்புதான் மிச்சம். வெப்ப ரத்தப் பிராணிகளில் பிறப்பையொட்டி ஹார்மோன் ஏறும்போது இதயச் செல்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. அந்தச் செய்தி இதயச் செல்களுக்குக் கேட்காதபடி செய்த சுண்டெலிகளில் அவை கூடுதல் காலம் பிரியும் திறனோடு இருந்தன. மாறாக, மீனுக்கு இந்த ஹார்மோனைக் கொடுத்தபோது அதன் இதயம் மீண்டும் வளரும் திறன் குறைந்தது. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் வாழ்க்கைக்கு நம் இதயம் கொடுத்த விலை இது என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தைராய்டு ஹார்மோன் மற்ற செல்களுக்குச் செய்வது. தைராய்டு சுரப்பியின் செல்களையே பிரியத் தூண்டுவது வேறொன்று: மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் டி.எஸ்.எச். தைராய்டு ரத்தப் பரிசோதனைத் தாளில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐக் கூட்டும். அது "இன்னும் சுரந்து கொடு" என்று சுரப்பியை விரட்டும். விரட்டலில் செல்கள் பருத்துப் பெருகும். உணவில் அயோடினே இல்லை என்றால் எத்தனை செல்கள் இருந்து என்ன பயன்? சரக்கு இல்லாத ஆலைக்கு ஆள் சேர்ப்பது மாதிரி சுரப்பி வீங்கிக்கொண்டே போகும். அதுதான் முன்கழுத்துக் கழலை. இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் இது பரவலாக இருந்தது. அங்கே 1956-ல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அயோடின் உப்பு கிடைத்த பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இன்று நம் அடுப்படி உப்பு டப்பாவில் அயோடின் இருப்பதற்குப் பின்னால் அந்த மலைக்கிராமங்கள் இருக்கின்றன.

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் சிலருக்கு மருத்துவர்கள் தைராக்ஸின் மாத்திரையைச் சற்றுக் கூடுதல் அளவில் கொடுப்பதற்கும் காரணம் டி.எஸ்.எச்.தான். அதைத் தாழ்த்திவைத்தால், மிச்சமிருக்கும் தைராய்டு செல்களைப் பிரியச் சொல்லும் குரல் அடங்கும். இன்னொரு பக்கம், சில புற்றுச் செல்களின் வெளிப்பரப்பிலுள்ள ஒரு புரதத்தில் டி4 நேரடியாக ஒட்டி அவற்றைப் பிரியத் தூண்டுகிறது என்று ஆய்வக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைப் படித்துவிட்டு, ஹார்மோன் குறைவுக்காக மாத்திரை சாப்பிடும் யாரும் பயந்து நிறுத்திவிட வேண்டாம். அந்த மாத்திரை உடம்பில் இல்லாததை ஈடுகட்டுகிறது. குறைவே இல்லாதவர்கள் எடை குறைக்க அதை வாங்கிச் சாப்பிடுவதுதான் ஆபத்து. அது இதயத்தையும் எலும்பையும் கெடுக்கும்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது. பிறவியிலேயே தைராய்டு சரியாக உருவாகாத குழந்தைகள் உண்டு. உலக அளவில் சுமார் 2000 முதல் 4000 பிரசவங்களுக்கு ஒன்று என்பார்கள். இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் ஏறத்தாழ 1000-க்கு ஒன்று வரை காணப்பட்டிருக்கிறது. வயிற்றில் இருக்கும்வரை தாயின் ஹார்மோன் ஓரளவு வந்துகொண்டிருந்ததால் பிறக்கும்போது குழந்தை பெரும்பாலும் சாதாரணமாகவே தெரியும். நன்றாகத் தூங்குகிறது, அதிகம் அழுவதில்லை, சமர்த்து என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அந்த நாட்களில்தான் மூளைச் செல்கள் உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அறிகுறிகள் வெளியே தெரியும்வரை காத்திருந்தால் மூளைக்கு ஏற்பட்ட இழப்பு முழுதாகத் திரும்பாது.

கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1974-ல் இப்படி எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கத் தொடங்கினார்கள். உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் டி.எஸ்.எச். பரிசோதனை செய்தீர்களா என்று கூச்சப்படாமல் மருத்துவமனையில் கேளுங்கள். குறைபாடு உறுதியானால் முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். மருந்து ஒரு சின்ன மாத்திரைதான். மருத்துவர் எழுதிய அளவை நொறுக்கி, கொஞ்சம் தாய்ப்பாலில் குழைத்து, பாலாடையில் புகட்டிவிடலாம். அது உள்ளே போய்ச் சேர்ந்ததும் அந்தக் குழந்தையின் சிறுமூளை மேலடுக்கில் பிரிந்துகொண்டே இருந்த செல்கள் உரிய நேரத்தில் நின்று, உள்நோக்கித் தங்கள் இடம் தேடி நகரத் தொடங்கும்.